கயிறு பிடிப்பவள்

திங்கள்கிழமை முதல்
இரண்டு மீட்டர் ஒரு மீட்டராகிறது.
எடின்பரோ சொல்லிவிட்டது.
பெஹாக் தன் கடைத் தரையில் ஒட்டிய மஞ்சள் நாடாவை
வெண்ணெய்க் கத்தியால் சுரண்டிக்கொண்டிருக்கிறாள்.
பாதி வருகிறது.
பாதி, தரையோடு சம்பந்தம் பண்ணிக்கொண்டுவிட்டது.

நூற்று எழுபத்திரண்டு பேர் நாங்கள்.
ஒருவருக்கும் வரவில்லை.
இருமியவர்கள் உண்டு;
அவர்கள் எப்போதும் இருமுகிறவர்கள்தாம்.

பதினான்கு மாதம்
வாரத்துக்கு ஒரு படகு:
மாவு, டீசல், மாத்திரை, ஆட்டுத் தீவனம்.
துறையில் நின்று அதன் கயிற்றைப் பிடிக்க
ஓர் ஆளுக்குத்தான் அனுமதி.
அது நான், எஃப்ரிக்.
சம்பளம் பழைய சம்பளமே.

வெளியுலகம் என்பது எனக்கு
மணிக்கட்டுத் தடிமனில்
எண்ணெய் நாறும் ஓர் ஈர நுனி.
அதைத் தொட்டேன் என்பதால்
என்னை யாரும் தொடவில்லை.

சட்டம் இரண்டு மீட்டர் என்றது.
எனக்கு நான்கு.
யாரும் அளந்து சொல்லவில்லை,
கால்களுக்குத் தெரிந்திருந்தது.
தேவாலயத்தில் என் வரிசை, அதன் முன்வரிசை, பின்வரிசை
மூன்றும் எனக்கே எனக்கு.
சங்கீதம் பாடத் தடை இருந்த ஞாயிறுகளில்
என் மூச்சை நானே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
நான் வைத்த காசை
பெஹாக் இடுக்கியால் எடுத்து வினிகரில் போட்டாள்.
"ஊறுகாயா?" என்றேன்.
சிரித்தாள்.
மூன்று நாள் ஊறியது.

ஊஷ்டனின் நாய்க்கு மட்டும் சட்டம் தெரியாது.
ஓடி வந்து முழங்காலில் முகம் தேய்க்கும்.
அவன் தூரத்திலிருந்து விசிலடிப்பான்,
பிறகு, நான் பார்க்கவில்லை என்று நினைத்து,
அதைக் கடலில் முக்கி எடுப்பான்.
ஜனவரியில்கூட.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை.
இருப்பது ஒரே நர்ஸ்.
மூடுபனியில் ஹெலிகாப்டர் இறங்காது.
ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஒருவருக்கு நெஞ்சு சரியில்லை.
நானாக இருந்தாலும்
என்னிடமிருந்து தள்ளித்தான் நின்றிருப்பேன்.
இதை இரவில் எனக்கே பலமுறை சொல்லியிருக்கிறேன்.
சொல்லி முடிந்ததும் தூக்கம் வந்ததில்லை.

போன வாரம் மன்றத்தில் கூட்டம்.
திறக்கலாமா, இன்னும் ஒரு மாதம் பொறுக்கலாமா?
விடுதி வைத்திருப்பவர்கள் ஒரு பக்கம்,
ஆடு வைத்திருப்பவர்கள் ஒரு பக்கம்.
இரண்டும் வைத்திருக்கும் மர்டினா
இரண்டு முறையும் கை தூக்கினாள்.
கடைசியில் யாரோ, "எஃப்ரிக் என்ன சொல்றா?" என்றார்கள்.
எல்லாத் தலையும் திரும்பியது.
கதவருகே தனி நாற்காலியில் இருந்தேன்.
"படகு வந்தா கயிறு பிடிப்பேன்" என்றேன்.
வேறென்ன சொல்ல?

இன்று திங்கள்.
துறை நிறைய ஆட்கள்.
மழைக்கோட்டு, அக்கார்டியன், ஒரு தட்டு நிறைய ஸ்கோன்.
படகில் பன்னிரண்டு அந்நியர்கள்,
முதுகுப் பைகளோடு,
பறவை பார்க்க வந்தவர்களாம்.
கயிறு பறந்து வருகிறது.
பிடிக்கிறேன். இழுக்கிறேன். தூணில் இரண்டு சுற்று.

திரும்பினால்,
தம்பி டொரமட் தன் மகளை இறக்கிவிடுகிறான்.
ஜன்னல் கண்ணாடிக்கு அப்பால் பிறந்தவள்.
கண்ணாடியில் அவள் மூச்சு படிந்ததை
இந்தப் பக்கம் துடைக்கப் பார்த்திருக்கிறேன்.
இப்போது நடக்கிறாள்.
"போ," என்கிறான். "அத்தைகிட்ட போ."
குரல் கொஞ்சம் உடைகிறது, அல்லது காற்று.

அவள் வருகிறாள்,
கையை நீட்டிக்கொண்டு, வாத்து நடையில்.
மூன்று மீட்டர். இரண்டு.

என் கால்கள் பின்னால் போகின்றன.
நான் சொல்லவில்லை, அவையாகவே.

"இரு கண்ணு," என்கிறேன்,
"கை கழுவிட்டு வந்துடறேன்."

துறைக் குழாயில் தண்ணீர் பல்லைக் கடிக்கும் குளிர்.
இருபது வரை எண்ணிக் கழுவுகிறேன்.
பிறகு
மறுபடி ஒன்றிலிருந்து.